மிளகும் மிளகாயும்: பிரான்சிலிருந்து ஊருக்குப் போன கடிதங்கள்

முதலாம் உலகப்போர் காலத்தில் பிரான்சில் நின்ற ஓர் இந்தியச் சிப்பாய் ஊருக்குக் கடிதம் எழுதுகிறார். அதில் மிளகைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. இங்கே கறுப்பு மிளகு தீர்ந்துபோச்சு, இப்ப சிவப்பு மிளகாய்தான் பாவனையில் இருக்கு, ஆனாலும் இடைக்கிடை மிளகும் உதவுது என்ற மாதிரி. மிளகுதான் நல்ல உறைப்பு, மிளகாய் அவ்வளவு இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். இது இரகசியம், நீ புத்தியுள்ள ஆள், உனக்கு விளங்கும் என்ற பொருளிலும் ஒரு வரி இருக்கிறது.

ஓர் ஒப்படைக்காக இதை வாசித்தபோது நாங்கள் முதலில் சிரித்துவிட்டோம். சண்டைக்குப் போன மனுசன் சரக்குச் சாமான் கணக்கு எழுதுறாரே என்று. பிறகுதான் விளங்கியது. கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய்கள். சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். எங்கட ஆக்கள் கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சினம், இப்ப அவையளைத்தான் இறக்குகினம், என்றாலும் சண்டையில் எங்களுக்குத்தான் உறைப்புக் கூட. இதைத்தான் அவர் மிளகாகவும் மிளகாயாகவும் எழுதியிருக்கிறார். எங்கட சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

அடுத்து இன்னொரு கேள்வி வந்தது. இரகசியம் என்று எழுதியது நூறு வருடம் தாண்டி எங்கள் கைக்கு எப்படி வந்தது? வழியில் யாரோ ஒருவர் அந்தக் கடிதத்தை வாசித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கோப்பில் போட்டிருக்கிறார். மகனுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மேசை இருந்திருக்கிறது. இந்தக் கடிதங்களை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால், முதலில் அந்த மேசையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

யார் இவர்கள்?

1914 ஓகஸ்டில் போர் தொடங்கியது. பிரித்தானியாவின் சிறிய நிரந்தரப் படை முதல் சில கிழமைகளிலேயே தேய்ந்துகொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி முடியவில்லை. உடனே கொண்டுவந்து இறக்கக்கூடிய பயிற்சி பெற்ற படை இந்தியாவில்தான் இருந்தது. செப்டெம்பர் கடைசியில் லாகூர் டிவிசன் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கியது. மீரட் டிவிசன் பின்னால் வந்தது. வெயில் நாட்டுக்கான காக்கி உடுப்போடு வந்தவர்கள். சில கிழமைகளுக்குள் பெல்ஜியத்தின் ஈப்பர் பக்கத்து அகழிகளுக்குள் இறக்கப்பட்டார்கள். அந்த மாரிகாலம் சேறும் பனியுமாகவே கழிந்தது.

1915 மார்ச் 10ஆம் திகதி நெவ் ஷப்பெல் என்ற கிராமத்தில் பிரித்தானியர் தாக்குதல் தொடுத்தபோது, தாக்கிய படையில் ஏறக்குறையப் பாதி இந்தியர்கள். 3 நாட்களில் 4,000இற்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள். அந்த வருடக் கடைசியில் காலாட்படை மெசப்பத்தேமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, மாற்றப்பட்டது. குதிரைப்படை 1918 வரை பிரான்சிலேயே நின்றது. மொத்தமாக அந்தப் போர்முனைக்கு வந்த இந்தியர்கள் ஏறக்குறைய 138,000 பேர். அவர்களில் மூன்றிலொரு பங்குக்கும் மேலானவர்கள் துவக்குத் தூக்காதவர்கள். கோவேறு கழுதை ஓட்டினவர்கள், காயப்பட்டவர்களைத் தூக்கினவர்கள், சமைத்தவர்கள், துப்புரவு செய்தவர்கள், கூலி வேலை செய்தவர்கள்.

ஒரு சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். பஞ்சாபிலும் வடமேற்கு எல்லையிலும் கர்வாலிலும் நேபாளத்திலும் இருந்து சேர்ந்த விவசாயக் குடும்பத்துப் பெடியங்கள்தான் கூடுதலானோர். 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்று ஒரு பட்டியலைப் பிரித்தானியர் வைத்திருந்தார்கள். தென்னிந்தியர்களை அந்தப் பட்டியலில் கீழே தள்ளிவிட்டார்கள். அதனால் பிரான்சுக்குப் போனவர்களில் தமிழர் மிகக் குறைவு. மதராஸ் சப்பர்கள் மெசப்பத்தேமியாவில் நின்றார்கள். பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய ஒரு காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆபிரிக்காவின் தங்காவில் இறங்கியது. நாங்கள் பேசப்போகும் கோப்புகள் பெரும்பாலும் பிரான்சுத் தபாலைப் பற்றியவை. அதில் உருது, குருமுகி, இந்தி, பஷ்தோ என்றுதான் மொழிகள் வரும்.

கடிதம் எழுதத் தெரியாதவர்களின் கடிதங்கள்

இங்கே முதலாவது சிக்கல் வருகிறது. 1911 குடிசன மதிப்பின்படி இந்தியாவில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர்தான். சிப்பாய்களில் பெரும்பாலானோர் தாங்களாக எழுதவில்லை. படைப்பிரிவில் எழுதத் தெரிந்த ஒருவரிடம் போய் நிற்க வேண்டும். சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். அம்மாவுக்குச் சொல்ல நினைச்சதை அடுத்த கட்டிலில் படுக்கிறவனுக்கு முன்னால் சொல்ல வேண்டும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ, அப்பிடி ஒரு நிலைமையில் நாங்கள் என்னத்தைச் சொல்லுவம்?

ஊரிலும் அதே கதைதான். கடிதம் வந்தால் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியாரோ, ஊரில் நாலெழுத்துத் தெரிந்த இன்னொருவரோ உரத்து வாசிக்க வேண்டும். சுற்றிவர ஆக்கள் நின்று கேட்பினம். அப்படியென்றால் 'சொந்தக் கடிதம்' என்று நாங்கள் இன்றைக்கு நினைக்கிற சாமான் அங்கே இல்லை. ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் வாசிக்க, பலர் கேட்கிற கடிதம் அது. அதனால்தான் பல கடிதங்களில் தெரிந்த எல்லோருக்கும் பெயர் பெயராகச் சலாம் வருகிறது, எல்லோரின் சுகமும் விசாரிக்கப்படுகிறது. முதலில் எங்களுக்கு அது அலுப்பாக இருந்தது. பிறகு யோசித்தால், அந்தப் பெயர்கள் உரத்து வாசிக்கப்படும்போது அங்கே நின்ற ஒவ்வொருவரும் தன்னுடைய பெயருக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

1915 மார்ச் அளவில் பிரான்சில் இருந்த இந்தியர்கள் கிழமைக்கு 10,000 முதல் 20,000 வரை கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதத் தெரியாத ஒரு படைக்கு இது சின்னத் தொகை இல்லை.

பூலோன் மேசை

1913இல் அமெரிக்காவில் கதர் கட்சி தொடங்கியிருந்தது. வெளிநாட்டில் இருந்த இந்தியர்கள், முக்கியமாகப் பஞ்சாபியர்கள், ஆயுதப் புரட்சி பற்றிப் பத்திரிகை அடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாள்கள் தபாலில் சிப்பாய்களின் கைக்குப் போய்விடும் என்று பிரித்தானிய அரசு பயந்தது. இந்தியச் சிவில் சேவை அதிகாரியான ஈ. பி. ஹோவெல் என்பவரின் கீழ் 1914 கடைசியில் ஒரு தணிக்கை அலுவலகம் தொடங்கப்பட்டது. பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் அது இயங்கியது. படைப்பிரிவில் அதிகாரி ஒருமுறை பார்த்து விட்ட கடிதத்தை இங்கே திரும்பவும் பார்ப்பார்கள்.

இவ்வளவு கடிதத்தையும் ஒரு சிறிய கூட்டம் முழுதாக வாசிக்க முடியாது. அதனால் கொஞ்சத்தை எடுத்து வாசித்தார்கள், முக்கியம் என்று பட்டதை ஆங்கிலத்தில் மாற்றினார்கள், அவற்றைச் சேர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். கடிதத்தை நிறுத்துவது அவர்களுடைய முதல் நோக்கம் இல்லை. பெரும்பாலானவை போகத்தான் விடப்பட்டன. சிப்பாய்களின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நாடி பிடித்துப் பார்ப்பதுதான் வேலை. 1915 தொடக்கத்தில் ஓர் அறிக்கையில் ஹோவெல் ஒரு விசயத்தைக் கவலையோடு குறிப்பிடுகிறார். கடிதங்களில் கவிதை வரத் தொடங்கிவிட்டதாம், இது மனம் குழம்புவதற்கு ஒரு கெட்ட அறிகுறியாம். கவிதையை நோய்க்குறியாக வாசித்த வாசகர் அவர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் பிழையாக வாசிக்கவில்லை.

அந்த அறிக்கைகள்தான் இன்றைக்கு இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. டேவிட் ஒமிசி என்ற வரலாற்றாய்வாளர் 1999இல் அவற்றிலிருந்து 650 அளவான கடிதங்களைத் தெரிந்தெடுத்து நூலாக்கினார். மூலக் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. எங்களிடம் இருப்பது தணிக்கைக்காரர் தெரிந்தெடுத்த துண்டுகள், அவர்களுடைய ஆங்கிலத்தில். சிப்பாயின் குரல் என்று நாங்கள் மேற்கோள் காட்டுகிற ஒவ்வொரு வரியிலும் அலுவலகத்தின் குரலும் கலந்துதான் இருக்கிறது. ஆனால் அந்த அலுவலகம் உளவு பார்த்திருக்காவிட்டால் அந்த வரியும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஊரில் போய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கான கடிதங்களைக் கறையானும் ஈரமும் தின்றுவிட்டன. பேரரசு சந்தேகப்பட்டது மட்டும்தான் பத்திரமாக இருக்கிறது. வரலாறு படிக்கிற எங்களுக்கு இது விழுங்கக் கஷ்டமான விசயம்.

எழுதியவை

போர் பற்றி எழுதும்போது பழகின கதைகளைத் துணைக்கு எடுக்கிறார்கள். மகாபாரதத்தில் கேள்விப்பட்டதெல்லாம் இங்கே கண்முன்னால் நடக்குது என்று எழுதியவர்கள் உண்டு. இது போரில்லை, உலகம் அழியிற நேரம் என்று எழுதியவர்கள் உண்டு. பீரங்கியும் நச்சுப்புகையும் பற்றி ஊரில் இருக்கிறவைக்கு எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது? 1915 ஏப்ரலில் ஈப்பரில் ஜேர்மனியர் முதன்முறை பெருமளவில் நச்சுவாயு விட்டபோது, சில நாட்களுக்குள் லாகூர் டிவிசனும் அந்த இடத்துக்கு அனுப்பப்பட்டது. அதற்கு எந்த மொழியிலும் அப்போது சொல் இருக்கவில்லை.

ஆனால் கூடுதலான கடிதங்கள் போரைப் பற்றியவை இல்லை. காணி வழக்கு என்னாச்சு, எருமை கன்று போட்டுதா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சா, கடன்காரனுக்கு எவ்வளவு கட்டினீங்கள். அகழிக்குள் நின்றுகொண்டு வீட்டை நடத்தப் பார்க்கிற மனுசரின் கடிதங்கள்.

எங்களை நிறுத்தி வாசிக்க வைத்தவை பிரெஞ்சுப் பெண்களைப் பற்றியவை. ஆம்பிளையள் எல்லாரும் போர்முனையில். பெண்கள் வயல் உழுகிறார்கள், கடை நடத்துகிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள், பேப்பர் வாசிக்கிறார்கள். இதைக் கண்ட சிப்பாய்கள் பலர் வீட்டுக்கு எழுதினார்கள்: பெண்பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கோ. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருந்த வயதான தாய்மார், தங்கள் வீட்டில் தங்கின சிப்பாயைப் பிள்ளை போலப் பார்த்ததையும் எழுதுகிறார்கள். அந்தத் தாயின் மகனும் எங்கோ ஓர் அகழிக்குள் நின்று கடிதம் எழுதிக்கொண்டிருந்திருப்பான்.

பதில் கடிதங்கள்? வீட்டிலிருந்து வந்தவை சிலவும் கோப்பில் இருக்கின்றன. பெண்களுடையவை மிக மிகக் குறைவு. பெடியனின் பாதியைக் கேட்கிறோம், தாயின் பாதி அநேகமாக இல்லை.

எழுதக்கூடாதவை

காயப்பட்டவர்களில் பலர் இங்கிலாந்தின் தென்கரை நகரமான பிரைட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே கும்மட்டங்களோடு இந்தியக் கோட்டை போலக் கட்டப்பட்ட ஒரு பழைய அரச மாளிகை 1914 டிசெம்பரில் இந்தியருக்கான ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டது. சாதி, மதம் பார்த்து வேறு வேறு குசினிகள், வேறு வேறு தண்ணீர்க் குழாய்கள். படம் பிடித்து அஞ்சலட்டை அடித்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள், அரசர் தன்ர மாளிகையையே தந்துவிட்டார் என்று. சில கடிதங்கள் அதைச் சொர்க்கம் என்று புகழ்கின்றன. அதே ஊரில் இருந்த கிச்சனர் ஆஸ்பத்திரியில் முட்கம்பியும் காவலும் போட்டு, வெளியே போகவிடாமல் வைத்திருந்தார்கள். அங்கிருந்து போன கடிதங்களில் சிறையிருப்பு என்ற முறைப்பாடு வருகிறது.

அவர்களை உண்மையில் உடைத்தது வேறொன்று. காயம் மாறினவுடன் திரும்பவும் போர்முனைக்கு அனுப்பினார்கள். உப்புத் தின்ற கடனுக்கு ஒருமுறை இரத்தம் சிந்தியாச்சு, மானம் காப்பாற்றியாச்சு, இனி வீட்டுக்குத்தானே விடவேணும் என்பது அவர்களுடைய நியாயம். அந்த நியாயம் எடுபடவில்லை. அதற்குப் பிறகுதான் கடிதங்களில் மிளகும் மிளகாயும் மாதிரியான பரிபாசை கூடுகிறது. ஊரில் இருக்கிற தம்பியைப் படையில் சேரவிடாதே என்பதைச் சுற்றிவளைத்துச் சொல்கிறார்கள். சிலர் வீட்டிடம் சேங்கொட்டை கேட்டார்கள், வண்ணார் உடுப்புக்குக் குறி போடுகிற அதே கொட்டை. அதன் பால் பட்டால் தோல் வீங்கிப் புண்ணாகும். புண் ஆறாவிட்டால் அகழிக்குப் போகத் தேவையில்லை. மகன் வீட்டில் கேட்கிற சாமான் தன்னைப் புண்ணாக்க ஒரு கொட்டை.

அதே வருடம் இலங்கையில்

இவ்வளவும் வாசித்து அந்தச் சிப்பாய்களோடு எங்களுக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் இன்னொரு பாடத்தில் 1915 கலவரம் வந்தது.

1915 மே 28 கண்டியில் தொடங்கிய சிங்கள முஸ்லிம் கலவரம் சில நாட்களில் பரவியது. ஜூன் 2 இராணுவச் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்த இறக்கப்பட்ட படைகளில் ஒன்று கொழும்பில் நிலைகொண்டிருந்த பஞ்சாபிப் படை. விசாரணையில்லாமல் சுடப்பட்டவர்கள் இருந்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் அந்த அடக்குமுறையை எதிர்த்துப் பேசினார், அடுத்த வருடம் இலண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். இலங்கை வரலாற்றில் பஞ்சாபிச் சிப்பாய் என்றால் பேரரசின் துவக்கு.

அதே மாதங்கள். அதே மாதிரியான ஊர்களில் இருந்து, அதே 11 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள். ஒருவன் பிரான்சில் மிளகு தீர்ந்துபோச்சு என்று எழுதுகிறான். இன்னொருவன் எங்கட நாட்டுத் தெருவில் துவக்கோடு நிற்கிறான். அவனும் அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருப்பான்.

இதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. எங்கட வீடுகளில் 'ஆமிக்காரன்' என்ற சொல்லுக்கு அம்மா அப்பா கிடையாது. அப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம், அதற்குக் காரணமும் இருக்கு. கடிதம் வாசித்து ஆமியில் இரக்கப்படச் சொல்லுறீங்களோ என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். இரக்கம் வேறு, விளக்கம் வேறு என்று இன்னொருவன் சொன்னான். முழுதாக ஒத்துப்போக எங்களால் முடியவில்லை. ஆனால் ஓரிடத்தில் எல்லோரும் நின்றோம். ஒருவன் அம்மாவுக்கு அன்பாகக் கடிதம் எழுதினான் என்பதால் அவன் தெருவில் செய்தது இல்லாமல் போகாது. தெருவில் செய்ததால் கடிதம் பொய்யாகவும் ஆகாது. இரண்டையும் ஒரே ஆளின் கை செய்யும் என்பதை ஏற்றுக்கொண்டால்தான், அந்தக் கையை அங்கே கொண்டுவந்து நிறுத்தினவர்களை நோக்கிக் கேள்வி திரும்பும். பஞ்சாப்காரனை மட்டும் பேசிவிட்டு விட்டால், அவனை அங்கே அனுப்பினவர்கள் கேள்வியில்லாமல் தப்பிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு குரல்

ஜேர்மனியரிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் சிலர் பேர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃப் முகாமில் வைக்கப்பட்டிருந்தார்கள். மொழி ஆய்வாளர்கள் அங்கே போய்க் கைதிகளின் பேச்சை இசைத்தட்டில் பதிந்தார்கள். 1916 டிசெம்பர் 11 மால் சிங் என்ற சீக்கியச் சிப்பாய் பேசுகிறார். தன்னைப் பற்றியே 'ஒரு மனுசன் இருந்தான்' என்று கதை மாதிரித் தொடங்குகிறார். அவன் இந்துஸ்தானில் வெண்ணெய் சாப்பிட்டான், பால் குடித்தான். ஐரோப்பியச் சண்டைக்கு வந்தான், ஜேர்மனி பிடித்துக்கொண்டது. இப்ப அவன் இந்துஸ்தானுக்குப் போக ஆசைப்படுகிறான் என்ற பொருளில் போகிறது பேச்சு. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான். அந்தத் தட்டு இன்றும் பேர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் இருக்கிறது. ஆய்வாளர்களுக்குத் தேவைப்பட்டது அவருடைய உச்சரிப்பு. அவர் அந்தக் குழாய்க்குள் ஊருக்குக் கடிதம் சொல்லியிருக்கிறார். இங்கேயும் பாதுகாத்து வைத்தது பிடித்து வைத்தவன்தான்.

நெவ் ஷப்பெல்லில் 1927இல் திறந்த நினைவுச் சின்னத்தில், உடல் கிடைக்காத 4,700இற்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. அவர்கள் கேட்ட எருமைக் கன்றின் கதையும் காணி வழக்கும் தணிக்கைக்காரரின் கோப்பில் இருக்கிறது, அதுவும் அதிர்ஷ்டமிருந்தால்.

எங்கட நாட்டுப் போர்க்காலத்திலும் தடுப்பில் இருந்தவர்களிடமிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் குடும்பச் செய்தி வந்தது. குடும்ப விசயம் மட்டும் எழுதலாம், தாள் திறந்தபடிதான் வரும். சுகமாய் இருக்கிறன், அம்மாவைப் பாருங்கோ. இப்படியான தாள்கள், வெளிநாட்டிலிருந்து வந்த நீலநிற வான்கடிதங்கள், இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை எந்த அலுவலகமும் எங்களுக்காகப் பத்திரப்படுத்தவில்லை. அப்படி ஓர் அலுவலகம் வேண்டவும் வேண்டாம். இந்த முறை விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அம்மம்மாவிடம் கேளுங்கோ. வாசித்துக் காட்டச் சொல்லுங்கோ. எந்த வரியில் நிறுத்துகிறா, எந்த வரியை வாசிக்காமல் தாண்டுகிறா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கோ.